லினக்ஸில் பைதான் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகவில்லையா?

பைதான் புரோகிராமிங் மொழியைக் கற்க விரும்புபவர்களுக்கு லினக்ஸ் மிகவும் ஏற்ற சிஸ்டம். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் மொழி கூடவே வந்து விடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் முடித்துக் கொண்டது. அதன் பின், விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் உபுண்டுவைப் பதிந்து கொண்டவர்கள் எங்கள் ராஜபாளையம் பக்கத்திலும் இருக்கிறார்கள். முதல் சில பாடங்கள் வரை எல்லாம் நன்றாகவே போகும். "இந்த பேக்கேஜை இன்ஸ்டால் செய்து கொள்ளவும்" என்று புத்தகத்தில் ஒரு வரி வரும் இடத்தில்தான் வண்டி நின்று விடும். டெர்மினல் முழுக்க சிவப்பு எழுத்து! இங்கே பலர் பயந்து போய் விட்டு விடுகிறார்கள். இன்னும் சிலர் இண்டர்நெட்டில் கிடைத்த ஏதோ ஒரு கட்டளையை அப்படியே ஒட்டி, ஓடிக் கொண்டிருந்த சிஸ்டத்தையும் கெடுத்துக் கொள்கிறார்கள். இரண்டாவது ரகம்தான் ஆபத்தானது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ராஜபாளையத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் உபுண்டு 24.04 வைத்திருக்கிறான். அதே லேப்டாப்பில்தான் சித்தப்பாவின் பால்கோவா கடைக் கணக்கும் இருக்கிறது. வீட்டில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு சனிக்கிழமை இரவு போன் வந்தது. "அண்ணே, டெர்மினல் ஒய்யா என்னான்னு கேட்குது. ஒய் குடுக்கவா?" பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகாததால், "பைதானை அழித்து விட்டு புதிதாகப் போட்டால் சரியாகி விடும்" என்று நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டளையைக் கொடுத்திருக்கிறான். "மேலே என்ன எழுதியிருக்கு, படி" என்றேன். நீக்கப்பட உள்ளவை என்ற தலைப்பின் கீழ் ஒரு பெரிய பட்டியல். அதில் உபுண்டு டெஸ்க்டாப் என்ற பெயரும் இருந்தது. "என் குடு, லேப்டாப்பை மூடி வை, காலைல வர்றேன்" என்று சொல்லி வைத்தேன்.

ஒய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பைல்கள் அழியாது. ஆனால் டெஸ்க்டாப், அப்டேட் செய்யும் புரோகிராம் எனப் பல பகுதிகள் போய், அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் லாகின் மட்டும் கேட்டு நிற்கும். கடைக் கணக்கு உள்ளே பத்திரமாக இருக்கும், ஆனால் திறந்து பார்க்க வழி தெரியாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு வீட்டில் இரண்டுமே ஒன்றுதான்.

ஏன் இப்படி? உபுண்டுவில் உள்ள பைதான் உங்களுக்காக வைக்கப்பட்டது அல்ல. அது சிஸ்டத்தின் சொந்த உபயோகத்திற்கானது. அப்டேட்களைக் கவனிக்கும் புரோகிராம்களில் பல பைதானில் எழுதப்பட்டவை. உபுண்டு 24.04-ல் நாம் திறக்கும் டெர்மினலைக் கூட இயக்கி வைப்பது ஒரு சிறு பைதான் பைல்தான். சிஸ்டத்தின் பைதான் பதிப்பை மாற்றி விட்டு "டெர்மினல் திறக்கவே மாட்டேன் என்கிறது" எனப் புலம்புபவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். ஆகவே முதல் விதி: சிஸ்டத்தின் பைதானை நீக்காதீர்கள், மாற்றாதீர்கள், அதன் மேல் எதையும் திணிக்காதீர்கள்.

இனி பிரச்சினைகளைப் பார்ப்போம். கட்டளைகளை இங்கே ஒலிப்பு முறையில் தமிழில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் டைப் செய்து எண்டர் தட்டவும். சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ. ஏபிடி என்பது ஏ, பி, டி. பிப் என்பது பி, ஐ, பி. வென்வ் என்பது வி, இ, என், வி. டெர்மினலைத் திறக்க கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும்.

முதலில் "பைதான்3 --வெர்ஷன்" எனக் கொடுத்துப் பாருங்கள். வெர்ஷனுக்கு முன் இரண்டு ஹைபன்கள், இடைவெளி இல்லாமல். உபுண்டு 24.04-ல் 3.12 என்ற பதிப்பு வரும். வெறும் "பைதான்" என்று கொடுத்தால் அப்படி ஒரு கட்டளை இல்லை எனப் பதில் வரலாம். மொழி இல்லை என்று பொருள் அல்ல. பழைய பைதான் 2-இன் காலம் 2020 ஜனவரி 1-ல் முடிந்து விட்டது. இப்போது உள்ள பைதானின் கட்டளையில் 3 சேர்த்தே டைப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பிப் இல்லை என்று வந்தால் "சூடோ ஏபிடி அப்டேட்" கொடுத்து விட்டு, அடுத்து "சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைதான்3-பிப் பைதான்3-வென்வ்" எனக் கொடுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். டைப் செய்யும்போது திரையில் நட்சத்திரம் கூட வராமல் இருக்கலாம். அதைப் பார்த்து கீபோர்ட் கெட்டு விட்டது என்று நினைக்க வேண்டாம்.

சித்தி மகனுக்கு வந்த பிழைச் செய்தி "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மெண்ட்" என்பது. இன்று புதியவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். இது கோளாறு அல்ல, காவல். 2023-ல் வெளியான உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் இந்தக் காவல் போடப்பட்டுள்ளது. "இந்த பைதானை நான் நிர்வகிக்கிறேன், பிப் மூலம் இதற்குள் எதையும் போடாதே" என்று சிஸ்டம் சொல்கிறது. பழைய புத்தகங்களிலும் பாடங்களிலும் "பிப் இன்ஸ்டால்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அவை எழுதப்பட்ட காலத்தில் காவல் இல்லை. அதனால்தான் புத்தகத்தில் நடப்பது உங்கள் வீட்டில் நடப்பதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நூலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ராஜபாளையம் மில்லில் 40-ஆம் நம்பர் நூலும் ஓடும், 60-ஆம் நம்பர் நூலும் ஓடும். இரண்டுமே நல்ல நூல்தான். ஆனால் 40-ஐ எதிர்பார்த்து பூட்டிய தறியில் 60-ஐக் கொண்டு போய்க் கட்டினால், துணி வேறு மாதிரி வரும். பேக்கேஜ்களும் அப்படியே. உபுண்டுவின் புரோகிராம் ஒன்று ஒரு லைப்ரரியின் குறிப்பிட்ட பதிப்பை நம்பி எழுதப்பட்டிருக்கும். உங்கள் புராஜெக்ட் அதே லைப்ரரியின் புதிய பதிப்பைக் கேட்கும். பிப் புதியதைக் கொண்டு வந்து நடுவில் வைத்தால், உபுண்டுவின் புரோகிராமும் புதியதையே எடுத்துக் கொண்டு தடுமாறும். புராஜெக்ட் ஓடும், அப்டேட் ஓடாது.

காவலை மீறும் வழி ஒன்றும் இருக்கிறது. "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்தால் பிப் மறுபேச்சு இன்றி இன்ஸ்டால் செய்து விடும். இண்டர்நெட்டில் தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். பெயரிலேயே "உடை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! இதைவிட வெளிப்படையாக எச்சரிக்க முடியாது என்பது என் கருத்து. இதே போல பிப்-க்கு முன்னால் சூடோ சேர்ப்பதையும் தவிருங்கள்.

சரியான வழி எது? முதலில், நீங்கள் தேடும் பேக்கேஜ் உபுண்டுவின் கிடங்கிலேயே இருக்கிறதா எனப் பாருங்கள். நம்பை, மேட்பிளாட்லிப் போன்ற பிரபலமானவை இருக்கின்றன. "சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைதான்3-நம்பை" எனக் கொடுத்தால் போதும். உபுண்டுவே தன் பதிப்புகளோடு பொருந்துவதைப் பார்த்துத் தருவதால் சண்டை வராது. பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கலாம். பாடம் படிக்க அது போதும்.

கிடங்கில் இல்லை அல்லது புதிய பதிப்புதான் வேண்டும் என்றால், உங்களுக்கென தனி பைதான் அறை ஒன்றைக் கட்டிக் கொள்ளுங்கள். இதற்கு விர்ச்சுவல் என்விரான்மெண்ட் என்று பெயர். கடைக்குப் பால்கோவா கிண்டும் வாணலியில் யாரும் வீட்டுக் குழம்பை வைப்பதில்லை அல்லவா? அதே போல இது தனிப் பாத்திரம். "பைதான்3 -எம் வென்வ் பாடம்" எனக் கொடுங்கள். இதில் எம் என்பதற்கு முன் ஒரு ஹைபன். பாடம் என்பது நீங்கள் வைக்கும் பெயர், ஆங்கில எழுத்துகளில் எதுவும் வைக்கலாம். அந்தப் பெயரில் ஒரு போல்டர் உருவாகும். அடுத்து "சோர்ஸ் பாடம்/பின்/ஆக்டிவேட்" எனக் கொடுங்கள். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பாடம் என்று தோன்றினால் நீங்கள் அறைக்குள் வந்து விட்டீர்கள். இனி தைரியமாக "பிப் இன்ஸ்டால்" கொடுக்கலாம். காவல் தடுக்காது. சூடோவும் தேவையில்லை. வெளியே வர "டிஆக்டிவேட்". எல்லாம் குழம்பி விட்டதா? அந்தப் போல்டரை மட்டும் அழித்து விட்டு மறுபடி தொடங்குங்கள். உபுண்டுவுக்கு ஒரு கீறலும் விழாது. உங்கள் புரோகிராம் பைல்களை மட்டும் அந்தப் போல்டருக்குள் வைக்காமல் வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து அழியும்.

ஒவ்வொரு முறை டெர்மினலைத் திறக்கும்போதும் ஆக்டிவேட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். "நேற்று இன்ஸ்டால் செய்த பேக்கேஜ் இன்று காணவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை. பேக்கேஜ் அறைக்குள் இருக்கிறது, நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

பெயர்க் குழப்பம் அடுத்த தலைவலி. இன்ஸ்டால் செய்யும்போது கொடுக்கும் பெயரும், புரோகிராமில் இம்போர்ட் செய்யும்போது எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் என்ற பேக்கேஜை அந்தப் பெயரில்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும். புரோகிராமில் இம்போர்ட் செய்யும்போது வெறும் தமிழ் என்று எழுத வேண்டும். சித்தி மகனின் புராஜெக்ட்டுக்கு வேண்டியிருந்ததும் இந்த பேக்கேஜ்தான். படங்களைக் கையாளும் பில்லோ பேக்கேஜை பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம். சைகிட்-லேர்ன் என்பதை எஸ்கேலேர்ன் என்று இம்போர்ட் செய்கிறோம். இந்த எஸ்கேலேர்ன் என்ற பெயரிலேயே இன்ஸ்டால் செய்யப் பார்த்தால், சரியான பெயரைச் சொல்லி பிழைச் செய்தி வரும்படி 2023 டிசம்பர் முதல் வைத்திருக்கிறார்கள்.

(ஓப்பன்-தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பைதானில் லென் என்ற கட்டளை சொல்லின் நீளத்தைச் சொல்லும். திருவில்லிபுத்தூர் என்பதில் 9 எழுத்துகள். லென் 18 என்று சொல்லும். ராஜபாளையத்தில் 6 எழுத்துகள், லென் 10 என்னும். மெய்யெழுத்தின் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நாம் எண்ணுவது போல எழுத்தெழுத்தாகப் பிரிக்க இந்த பேக்கேஜ் உதவும்.)

பெயரை எழுத்துப் பிசகாமல் டைப் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பைபிஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் போடலாம். பிரபலமான பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, பாஸ்வேர்ட் திருடும் பேக்கேஜ்களைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இவர்களின் தொல்லை அதிகமானதால் 2024 மார்ச்சில் தளத்தில் புதியவர்கள் சேர்வதையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். கடைக் கணக்கு உள்ள கம்ப்யூட்டரில் இதை விளையாட்டாக எடுத்துக் கொள்ள முடியாது.

"நோ மேச்சிங் டிஸ்ட்ரிபியூஷன் பவுண்ட்" என்று வந்தால் முதலில் பெயரைச் சரி பாருங்கள். பெயர் சரிதான் என்றால், அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். பிழைச் செய்தியின் கடைசி வரி விளைவைச் சொல்லும். காரணம் பல சமயம் நாலைந்து வரி மேலே ஒளிந்திருக்கும். அங்கே "ரீட்ரையிங்" என்று திரும்பத் திரும்ப வந்திருந்தால் பேக்கேஜ் மீது தவறில்லை. நெட் இணைப்பு இல்லை. பிரௌசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து உறுதி செய்து கொள்ளுங்கள். நெட் சரியாக இருந்தால், அந்த பேக்கேஜ் உங்கள் பைதான் பதிப்புக்கு இன்னும் வரவில்லை அல்லது உங்கள் பதிப்பை ஏற்பதை நிறுத்தி விட்டது என்று பொருள். பைபிஐ தளத்தில் அதன் பக்கத்தில் எந்தப் பதிப்பு தேவை எனப் போட்டிருப்பார்கள்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் விசித்திரமான பிரச்சினை ஒன்று உண்டு. நெட் இருக்கிறது, பெயர் சரி, ஆனாலும் "சர்டிபிகேட் வெரிபை பெயில்டு" என்று வரும். மேலே வலது மூலையோ நடுவோ, உங்கள் திரையில் கடிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள். தேதி 2012 என்றோ 2015 என்றோ இருக்கும்! மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்து போனால், பவர் முழுவதும் நின்றதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்து விடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் எனச் சான்றிதழ் வைத்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் தன்னை 2012-ல் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பிப் மறுக்கிறது. ஏபிடியும் இதே காரணத்துக்காக "இன்னும் செல்லத்தக்கதல்ல" என்று மறுக்கும். செட்டிங்ஸ் சென்று தேதி, நேரம் பகுதியில் தானியங்கி என்பதை ஆன் செய்யவும். நெட் இணைந்ததும் சரியாகி விடும். பேட்டரியையும் மாற்றி விடுங்கள், விலை அதிகம் இல்லை. பிப்-க்கு சான்றிதழைப் பார்க்காதே என்று சொல்லும் குறுக்கு வழியைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம்.

ஏபிடி கொடுத்ததும் "குட் நாட் கெட் லாக்" என்று வந்தால் கையைக் கட்டிக் கொண்டு சற்று நேரம் இருங்கள். பின்னணியில் உபுண்டு தானே அப்டேட் செய்து கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் இருவர் கிடங்கில் கை வைக்கக் கூடாது என்பதற்கான பூட்டு அது. பூட்டுப் பைலை அழிக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்டு அழித்தால், பாதியில் நின்ற அப்டேட்டைச் சரி செய்வது பெரிய வேலை.

"பெயில்டு பில்டிங் வீல்" என்பது கொஞ்சம் பெரிய விஷயம். பேக்கேஜ்கள் இரண்டு வடிவில் கிடைக்கும். தயாராக உள்ளது வீல். இறக்கி வைத்தால் போதும். வீல் கிடைக்காவிட்டால் பிப் மூலப் பொருளை இறக்கி உங்கள் வீட்டிலேயே தயாரிக்கப் பார்க்கும். பாலும் சர்க்கரையும் வந்து விட்டன, அடுப்பும் வாணலியும் இல்லை என்றால் என்ன ஆகும்? அதுதான் இந்தப் பிழை. மேலே படித்தால் "ஜிசிசி" இல்லை என்றோ "பைதான்.எச்" என்ற பைல் இல்லை என்றோ இருக்கும். "சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பைதான்3-டெவ்" கொடுத்தால் அடுப்பும் வாணலியும் வந்து விடும். மைஎஸ்க்யூஎல்கிளையண்ட் போன்ற சில பேக்கேஜ்கள் இதற்கு மேலும் தனியாக ஒரு லைப்ரரியைக் கேட்கும். அதன் பெயரும் செய்தியிலேயே தென்படும். 32 பிட் லினக்ஸ் போட்ட மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் வீல் கிடைப்பது அரிது. அங்கே ஏபிடி கிடங்கில் கிடைப்பதோடு நிறுத்திக் கொள்வதே நல்லது.

எந்த விளக்கமும் இல்லாமல் "கில்டு" என்ற ஒரே சொல்லோடு நின்றால் ராம் போதவில்லை. "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்றால் டிஸ்க் நிரம்பி விட்டது. செயற்கை நுண்ணறிவு படிக்க ஆசைப்பட்டு பைடார்ச் இன்ஸ்டால் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். சாதாரணமாகக் கொடுத்தால் கிராபிக்ஸ் கார்டுக்கான பகுதிகளும் சேர்ந்து சில ஜிபி இறங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா முழுவதும் போய் விடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புக்கு சிபியு மட்டும் என்ற தனி வடிவம் பைடார்ச் தளத்தில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. அந்த லேப்டாப்களையும், அதே காலத்து உபுண்டுவையும் இன்றும் வைத்திருப்பவர்கள் உண்டு. அவற்றில் ஏபிடி அப்டேட் கொடுத்தால் 404 என்று வரலாம். உங்கள் நெட்டில் கோளாறு இல்லை. காலம் முடிந்த பதிப்பின் கிடங்கை வழக்கமான இடத்திலிருந்து எடுத்து விடுவார்கள். இதைச் சரி செய்ய மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதை விட, பைல்களைப் பென்டிரைவில் காப்பி எடுத்துக் கொண்டு, லேப்டாப் தாங்கும் புதிய பதிப்பு ஒன்றைப் பதிவது மேல்.

பென்டிரைவ் என்றதும் ஒன்று. புராஜெக்ட்டைக் கல்லூரி லேபுக்கு எடுத்துச் செல்ல, தனி அறையாக உருவாக்கிய போல்டரையே பென்டிரைவில் காப்பி செய்வார்கள். அங்கே ஓடாது. அந்த அறைக்குள் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். லேபில் விண்டோஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதில் அறைக்குள் இருந்து கொண்டு "பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி" எனக் கொடுங்கள். எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்ற பட்டியல் ஒரு சின்ன பைலாக வரும். அதையும் உங்கள் புரோகிராம் பைல்களையும் மட்டும் எடுத்துச் செல்லவும். லேபில் புதிய அறை உருவாக்கி "பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி" கொடுத்தால் எல்லாம் வந்து சேரும். லேபில் நெட் இருக்கிறதா என்று மட்டும் முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.